யெவ்தோகா போன இடம்

ஊராட்சிக்கு மண்சாலை சமப்படுத்தும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்ற ஜெனோன் கோஸ்டினியுக்குக்கு வசந்தம் பிறந்தால் ஒரு வேலை உண்டு. புனித மிக்கேல் கோயில் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் இரும்புச் சிலுவைகளுக்கு வெள்ளி வண்ணம் அடிப்பான். யாரும் சொல்லி அடிப்பதில்லை. கோயில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கும். சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே சாமியார். "உசிரோட இருக்கறவன் கோயிலுக்கு வராட்டி போறான், செத்தவங்களாவது பளிச்சுன்னு இருக்கட்டும்" என்பான்.

அந்த வருஷம் பெயின்ட் டப்பாவோடு கைப்பேசியையும் கொண்டுபோக வேண்டியதாயிற்று. எட்மண்டனிலிருந்து டார்லீன் கூப்பிட்டிருந்தாள். அவளுடைய பாட்டி ஹஃபியாவும் ஜெனோனின் தாத்தா இல்கோவும் கூடப்பிறந்தவர்கள்.

"நம்ம சனத்துல யாரு யாரு எங்க படுத்திருக்காங்கன்னு ஒருத்தர் விடாம போட்டோ எடுத்து அனுப்பு ஜெனோன். செப்டம்பர்ல நான் பழைய நாட்டுக்குப் போறேன்."

"அங்க யாரு இருக்கா நமக்கு?"

"யெவ்தோகா இருக்காளே. மண்ணுக்குள்ளயாவது இருப்பா இல்ல? எங்க பாட்டி எண்பது வயசு தாண்டியும் அம்மா அம்மான்னு பொருமிக்கிட்டே செத்தா. நான் அந்தக் கல்லறையைத் தேடிப் பிடிச்சு, முன்னால நின்னு, நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி ரெண்டு கேள்வி கேக்கப் போறேன்."

யெவ்தோகாவின் கதை குடும்பத்தில் எல்லாரும் அறிந்ததுதான். ஜெனோனின் கொள்ளுத்தாத்தா ஹராசிம் கோஸ்டினியுக், பிறந்து வளர்ந்த பழைய நாட்டை விட்டுக் கப்பலேறி மானிடோபாவுக்கு வந்தபோது கூட வந்த மனைவி அவள். இடுப்பில் ஹஃபியா. இங்கே வந்தபின் இல்கோ பிறந்தான். புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிக் கூரை போட்ட குடிசை, சுற்றிலும் காடு, கூப்பிட்டால் குரல் கேட்கும் தூரத்தில் ஒரு வீடில்லை. ஹராசிம் ரயில் பாதை போடும் வேலைக்குப் போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். மூன்றாம் வருஷத்து இலையுதிர் காலத்தில், பிள்ளைகள் இரண்டையும் விட்டுவிட்டு, அவள் ரயிலேறி, கப்பலேறிப் பழைய நாட்டுக்கே போய்விட்டாள். அப்படித்தான் சொல்லி வந்தார்கள். அதனால் அந்தக் குடும்பத்தில் ஒரு வசவு பிறந்தது. வீடு தங்காத பெண்ணைப் பார்த்து, "இவளுக்கு யெவ்தோகா காலு" என்பார்கள். ஜெனோனின் அத்தைமார் பாதிப்பேர் அந்த வசவைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவனுடைய அக்காள் ஒலேசியா மற்ற எல்லாரையும்விட அதிகம் கேட்டவள்.

மே மாதக் கடைசியில் பனி விட்டு மண் நெகிழ்ந்திருந்தது. ஜெனோன் ஒவ்வொரு சிலுவையாக வண்ணம் அடித்துக்கொண்டே படமும் எடுத்தான். அப்பா பெட்ரோவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில். தாத்தா இல்கோ, பாட்டி, அப்புறம் வரிசையாக அம்மைக் காய்ச்சலில் போன மூன்று பிள்ளைகள். ஹஃபியா தன் புருஷனோடு கோயில் வாசலுக்கு நேரே. எல்லாரும் கூடிக் கிடந்தார்கள், திருவிழாவில் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தவர்கள் மாதிரி.

ஹராசிம் மட்டும் தனியே. வடக்கு வேலியோரம், மூலையில், முள்கம்பி உரசுகிற இடத்தில் அவர் சிலுவை. "கெழவன் ஊரோட சண்டக்காரன், செத்தும் ஒட்டாம படுத்திருக்கான்" என்று பெரியவர்கள் சொல்லி ஜெனோன் கேட்டிருக்கிறான். வருஷா வருஷம் அந்தச் சிலுவைக்கும் வண்ணம் அடித்தவன்தான். ஆனால் படம் எடுக்க வேண்டும் என்று குனிந்து, பின்வாங்கி, கைப்பேசியின் சின்னக் கண்ணாடிக்குள் அந்த இடத்தைப் பார்த்தபோதுதான் மனத்தை எதுவோ உறுத்தியது.

வேலிக்கு அப்பால் நீலமாகப் பூத்திருந்தது.

பார்வினோக் கொடி. நம்மூர் நித்தியகல்யாணிக்குத் தங்கை என்று சொல்லலாம். பனிக்கடியிலும் பச்சை மாறாது. கல்யாணப் பெண்ணின் தலைக்கு அதில்தான் மாலை கட்டுவார்கள், கல்லறைமேலும் அதைத்தான் நடுவார்கள். இந்த மண்ணில் அது தானாக முளைப்பதில்லை. பழைய நாட்டிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தது. யாராவது நட்டால்தான் உண்டு.

ஜெனோன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். வாழ்நாளெல்லாம் சாலையின் மேடு பள்ளத்தைப் பார்த்தே பிழைத்த கண். கொடிக்குக் கீழே நிலம் லேசாக அமுங்கியிருந்தது. ஒரு ஆள் நீளம். மேற்கே தலை, கிழக்கே கால், ஹராசிமுக்கு இணையாக. இந்தத் தோட்டத்தில் புருஷனுக்கு இடப்பக்கம்தான் பெண்டாட்டியை வைப்பார்கள். ஹராசிமின் இடப்பக்கம் வேலி ஓடியது. வேலிக்கு அடுத்து அந்தப் பள்ளம்.

அந்நேரம் வடக்கு வயலில் விதைப்பு நடந்துகொண்டிருந்தது. டிராக்டரை நிறுத்திவிட்டு வால்டர் டுட்சாக் வேலியோரம் வந்தான். ஜெனோனோடு ஒரே வகுப்பில் படித்தவன். வயல் அவன் குடும்பத்துடையது.

"ஏம்ப்பா, எனக்கும் ஒரு கோட்டிங் அடிச்சு விடேன். நாளைக்கு உனக்கு வேலை மிச்சம்."

"உனக்கெல்லாம் பெயின்ட் ஒட்டாது. துரு அதிகம்." ஜெனோன் சிரிக்கவில்லை. "வால்டரு, ஒண்ணு கேக்கறேன். இந்த வேலியோரத்துல ஒரு துண்டு நிலத்தை மட்டும் நீ ஏன் உழாம விட்டு வச்சிருக்க?"

"அதுவா? கல்லு."

"இங்க ஏதுடா கல்லு? இந்தப் பக்கத்து மண்ணை வருஷக்கணக்கா சொரண்டினவன் நான். எங்கிட்டயே கதை விடுறியா?"

வால்டர் தொப்பியைக் கழற்றி மண்டையைச் சொறிந்தான். "எங்க தாத்தா உழல. எங்கப்பா உழல. நானும் உழல. பதினஞ்சு வயசுல ஒருநாள் வீம்புக்குக் கலப்பையை இறக்கப் போனேன். எங்கப்பா அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்து, வண்டியை நிறுத்தி, விட்டாரு பாரு ஒரு அறை. என்னை அவரு கை நீட்டினது அன்னிக்கு மட்டுந்தான். ஏம்ப்பான்னு கேட்டேன். 'அது கோஸ்டினியுக் வீட்டு விசயம், நாம வாக்கு குடுத்திருக்கோம்'னாரு. என்ன வாக்கு, யாருக்குன்னு சொல்லல. நானும் கேக்கல. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சிருந்தேன்?"

"எனக்குத் தெரியாது."

"அப்போ ஒங்கக்காவக் கேளு. அந்தம்மாவுக்குத் தெரியாதது இந்த ஜில்லாவுல என்ன இருக்கு?"

ஒலேசியாவும் ஜெனோனும் அப்பா விட்டுப்போன பண்ணைவீட்டில்தான் இருந்தார்கள். அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவள் செய்துகொண்டு, வின்னிபெக்கில் சில வருஷம் வாழ்ந்து, ஒருநாள் பெட்டியோடு திரும்பி வந்தவள். எழுபது வயதாகியும் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். ஜெனோன் உள்ளே போனபோது, கோசு இலையில் சோற்றை வைத்துச் சுருட்டிப் பாத்திரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பூட்ஸைக் கழட்டிட்டு வா. பெயின்ட் நாத்தம் கொடலப் புடுங்குது."

"அக்கா, டார்லீன் பழைய நாட்டுக்குப் போறாளாம். யெவ்தோகா கல்லறையைத் தேட."

"அவளுக்குக் காசு கொழுத்துப் போச்சு. போகட்டும்."

"தேடினா கெடைக்குமா?"

ஒலேசியா இன்னொரு இலையை எடுத்தாள்.

"வடக்கு வேலிக்கு அந்தப் பக்கம் பார்வினோக் பூத்திருக்கு அக்கா. ஆள் நீளத்துக்கு. தாத்தன் ஹராசிமுக்கு இடப்பக்கம்."

இலை அவள் கையில் கிழிந்தது. அதைத் தூரப் போட்டாள். பிறகு கையைக் கழுவி, முன்துணியை அவிழ்த்து நாற்காலிமேல் போட்டாள்.

"இத்தனை வருசம் அந்தச் சிலுவைக்குப் பெயின்ட் அடிச்சிருக்க. இப்பத்தான் தலையத் தூக்கிப் பாத்தியாக்கும். வண்டியை எடு."

கல்லறைத் தோட்டத்தில் அவள் முன்னால் நடந்தாள். ஹராசிமின் சிலுவைக்கருகில் போய்ப் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"அவ ரயிலேறவே இல்லடா" என்றாள்.

பிறகு சொன்னாள். ஹராசிம் ரயில் பாதை வேலைக்குப் போயிருந்த சமயம். ஒரு சாயங்காலம் யெவ்தோகா பிள்ளைகள் இரண்டையும் நடத்தியும் தூக்கியும் காட்டு வழியே டுட்சாக் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். காலையில் வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டுத் திரும்பினாள். தன் சால்வையை அவிழ்த்து ஹஃபியாவுக்குச் சுற்றிவிட்டுப் போனாளாம். குளிராக இருக்கிறதே, நீ போட்டுக்கொள் என்று டுட்சாக் பெண்டாட்டி சொன்னதற்கு, எனக்குக் குளிரவில்லை என்றாளாம். மறுநாள் வரவில்லை. தேடிப்போன டுட்சாக் அவளை ஏரிக்கரை நாணலுக்குள் கண்டெடுத்தார். ஹராசிமுக்கு ஆள் அனுப்பினார்கள். வந்தார். அந்த வாரம் குதிரை வண்டியில் வந்த சாமியார், தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவளுக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். ஹராசிம் மண்வெட்டியை எடுத்தார். வேலிக்கு அடுத்த அடியில் தானே குழி வெட்டினார்.

"அன்னிக்கு வந்தவங்க எல்லாரும் இங்கயே நின்னு பேசி ஒரு முடிவு எடுத்தாங்களாம். புள்ளைங்க காதுல விழக்கூடாது. அம்மா பழைய நாட்டுக்குப் போயிட்டான்னே சொல்லுவோம். டுட்சாக்கு இந்தத் துண்டுல கலப்பை வைக்கமாட்டேன்னு வாக்குக் குடுத்தாரு. ஊரே வாயக் கட்டிக்கிச்சு. அந்தக் காலத்து ஆளுங்க, கட்டினாங்கன்னா கட்டினதுதான்."

"உனக்கு யாரு சொன்னா?"

"அப்பா. தாத்தன் ஹராசிம் சாகும்போது அப்பாவுக்குப் பதினெட்டு வயசு. இந்த மூலையிலதான் என்னை வைக்கணும்னு அவருகிட்டத்தான் சொல்லி வச்சிருந்தாரு. கூடவே காரணத்தையும்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"எனக்கே சொல்லியிருக்க மாட்டாரு. நான் வின்னிபெக்லேர்ந்து பெட்டியத் தூக்கிட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. குளிர்காலம். அக்காள் பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்ததும், புருவத்தில் தையல் போட்டிருந்ததும், அதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்காததும்.

"அன்னிக்கு ஹஃபியா பாட்டி அடுப்பு முன்னால உக்காந்திருந்தா. என் பெட்டியப் பாத்தா. என்னப் பாத்தா. 'வந்துட்டியா? எங்கம்மா காலுதான் ஒனக்கும். கட்டினவன விட்டுட்டு ஓடுற காலு'ன்னா. அம்மா வாயில துணிய வச்சிக்கிட்டா. அப்பா எந்திரிச்சாரு. சாவியை எடுத்தாரு, என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி வண்டியில ஏத்தினாரு. எனக்குப் பயமா போச்சு, திரும்ப அவன்கிட்டயே கொண்டுபோயி விடப் போறாரோன்னு. இங்க கொண்டாந்து நிறுத்தினாரு. முட்டி வரைக்கும் பனி. 'பாரு, யெவ்தோகா எங்கயும் ஓடல. ஓடத் தெரியாம இங்க கெடக்கறா. ஓடியிருந்தா பொழச்சிருப்பா. நீ ஓடி வந்துட்ட. உசிரோட வந்துட்ட. எனக்கு அது போதும்'னாரு. அவரு அழுது நான் பாத்தது அப்பத்தான்."

ஜெனோன் அவளருகே புல்லில் உட்கார்ந்தான். அந்த வீட்டில் அதற்குப் பிறகும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள், சாப்பாட்டு மேஜையில், ஹஃபியா அதே வசவை அக்காள்மேல் வீசியதும் அக்காள் தலை குனிந்தபடி ரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தின்றதும் அவன் கண்முன் வந்தது. ரோஷமில்லாதவள் என்று அப்போது நினைத்திருக்கிறான்.

"ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"என்னன்னு? பாட்டி, உங்கம்மா ஓடல, ஏரியில விழுந்து செத்தான்னா? எண்பது வருசமா அம்மா எங்கயோ உசிரோட இருந்தான்னு கோவமா இருந்துட்டா. அந்தக் கோவத்துலதான் அவ நடமாடிக்கிட்டிருந்தா. அதப் புடுங்கிட்டு நான் எதைக் குடுக்கறது? அப்பா சொல்லாதேன்னாரு, சொல்லல. அப்புறம் அவளும் போயிட்டா. பழகிப் போச்சு."

காற்று அடித்தது. வால்டரின் டிராக்டர் கோடியில் திரும்பிக்கொண்டிருந்தது.

"டார்லீனுக்கு யாரு சொல்றது?" என்றான்.

"நீ சொன்னா பாதியில அழுதுருவ. நானே சொல்றேன்."

அன்று சாயங்காலமே ஒலேசியா கூப்பிட்டாள். ஜெனோன் பாத்திரம் துலக்குகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றான். ஒலேசியா நிதானமாக, சந்தைவிலை சொல்கிற குரலில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பிறகு டார்லீன் ஒன்றே ஒன்று கேட்டாளாம்: "சால்வை என்ன நெறம்னு தெரியுமா?" தெரியாது என்றாள் ஒலேசியா. "எங்க பாட்டி பெட்டியில ஒண்ணு கெடந்துச்சு. செவப்பு. அரிச்சுப் போனது. தூக்கிப் போட்டுட்டோம்" என்று சொல்லி டார்லீன் போனை வைத்துவிட்டாள்.

ஈஸ்டர் கழிந்து சாமியாருக்கு ஒழிந்த நாளில்தான் அந்தக் கோயிலில் கல்லறை மந்திரிப்பு. அந்த வருஷம் ஜூன் முதல் ஞாயிறு. ஊரைவிட்டுப் போனவர்களெல்லாம் கார்களில் வந்து இறங்கினார்கள். கல்லறைகள்மேல் துணி விரித்து, பின்னல் ரொட்டியும் சாயமிட்ட முட்டையும் வைத்தார்கள். டார்லீனும் வந்திருந்தாள். பயணச்சீட்டை ரத்து செய்துவிட்டாளாம்.

சாமியார் மிஹைலோ இளவயதுக்காரர். பாடகர்களோடு வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். ஹராசிமின் சிலுவைக்கு வந்து மந்திரித்து முடித்துத் திரும்பப் போனவரை ஜெனோன் தடுத்தான்.

"சாமி, இவருக்குப் பக்கத்துல இவரு சம்சாரம் இருக்காங்க. வேலிக்கு அந்தாண்ட."

"அந்தாண்டயா? ஏன்?"

ஜெனோன் அக்காளைப் பார்த்தான். ஒலேசியாதான் சொன்னாள். ஊரே நின்று கேட்கும்படி, பேர் சொல்லி, ஏரி உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டுக்காரர்கள் கையிலிருந்த மெழுகுவத்திகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாமியார் தீர்த்தச் செம்பைக் கீழே வைத்தார். வேலியைப் பார்த்தார். அங்கியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, "யாராச்சும் இந்தக் கம்பியக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க" என்று குனிந்துவிட்டார். பாதி உடம்பு அந்தப் பக்கம் போனதும் அங்கி முள்ளில் மாட்டிப் பர்ரென்று கிழிந்தது.

"அசையாதீங்க சாமி, அசையாதீங்க! இன்னும் கிழியும்!" என்று வால்டர் தன் லாரிக்கு ஓடினான். கம்பி வெட்டும் கத்தரியோடு வந்து முதலில் சாமியாரை விடுவித்தான். அப்புறம் நிமிர்ந்து, ஜெனோனைப் பார்த்து, "வெட்டட்டுமா? வேலி உங்களோடது, நெலம் என்னோடது" என்றான்.

"வேணும்னா இந்தப் பக்கத்து வேலியையே எடுத்துத் தள்ளிப் போட்டுரலாம்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ஒண்ணும் வேணாம்" என்றாள் ஒலேசியா. "இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கறத மட்டும் எடுங்க. அது போதும்."

வால்டர் இரண்டு கம்பங்களுக்கு நடுவே இருந்த கம்பியை ஒவ்வொன்றாக வெட்டினான். வெட்டுப்பட்ட கம்பி சுருண்டு தெறித்தது. கிழிந்த அங்கியோடு சாமியார் நீலப்பூக்களின்மேல் தீர்த்தம் தெளித்தார். நினைவு நிலைக்கட்டும் என்ற பாட்டை முதலில் வயதானவர்கள்தான் எடுத்தார்கள். மூன்றாம் தடவை பாடும்போது எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். வால்டருக்குக் குரல் கிடையாது, அவனும் பாடினான்.

கூட்டம் அடுத்த வரிசைக்கு நகர்ந்தபின் டார்லீன் அங்கேயே முழங்காலிட்டிருந்தாள். கேள்வி கேட்க வந்தவள் கொடிக்குள் விரலை விட்டுக் காய்ந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க பாட்டிக்கு இது தெரிஞ்சிருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

"தெரியாதுன்னு யாரு கண்டா?" என்றாள் ஒலேசியா. "நாலு வயசுப் புள்ளைக்கு எதுவும் புரியாதுன்னு நாம நெனச்சுக்கறோம். தள்ளி உக்காரு, துணிய விரிக்கணும்."

மூவரும் வேலி அறுந்த இடத்தில் துணி விரித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜெனோன் காபியை ஊற்றினான். வாங்கிக்கொண்ட ஒலேசியா எதையோ நினைத்துத் தானாகச் சிரித்தாள்.

"தாத்தன் அவளப் பத்தி அப்பாகிட்ட ரொம்ப ஒண்ணும் சொல்லல. ஒண்ணே ஒண்ணு சொன்னாராம். கப்பல்ல வந்தப்போ, ஆம்பள பொம்பள அத்தனை பேரும் கொடலப் புடுங்கி வாந்தி எடுத்துட்டுக் கெடந்தாங்களாம். தாத்தன் செத்தே போயிருவோம்னு நெனச்சாராம். இவ மட்டும் ஜம்முன்னு நடமாடினாளாம். புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு, ஒவ்வொருத்தர் தலையா புடிச்சு விட்டு, வாயக் கழுவி விட்டு, நடுவுல கப்பக்காரன்கிட்ட ஊறுகா வாங்கித் தின்னாளாம்."

டார்லீன் தலையைத் தூக்கினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நிஜமாவா? எனக்கும் வராது! அலாஸ்காவுக்குக் கப்பல்ல போனோம், எங்க வீட்டுக்காரரு மொதக்கொண்டு எல்லாரும் சுருண்டுட்டாங்க. சாப்பாட்டு அறையில நான் ஒருத்திதான். பரிமாறுறவன் பரிதாபப்பட்டு எனக்கு ரெண்டு பேரு சாப்பாட்டக் குடுத்தான்."

"ரெண்டையும் தின்னியா?"

"பின்ன? காசு குடுத்திருக்கோமில்ல."

ஒலேசியா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பாத்திரத்தைத் திறந்து, டார்லீன் தட்டில் கோசு இலைச் சுருளை ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்கினாள். டார்லீன் போதும் என்று சொல்லவே இல்லை. கோயில் பக்கமிருந்து பாட்டு கேட்டது. சாமியார் இப்போது ஹஃபியாவின் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்.